பெட்டியா, அறையா? வீட்டு ஸ்பீக்கரின் பேஸைக் கணித்து அளக்கும் முழு வழிகாட்டி

என் முதல் பெட்டி 20 லிட்டர். 8 அங்குல வூஃபரோடு (தாழ்ந்த சுரங்களுக்கான ஸ்பீக்கர்) வந்த துண்டுச் சீட்டில் இருந்த எண்களை அப்படியே கணக்கில் போட்டு, போர்ட் என்னும் காற்றுக்குழாயை 48 ஹெர்ட்ஸுக்கு டியூன் செய்து, 18 மில்லிமீட்டர் பிளைவுட்டில் அறுத்து ஒட்டினேன். எந்தப் பாட்டைப் போட்டாலும் ஒரே 'தொம் தொம்'. பேஸ் கிட்டார்காரர் எத்தனை சுரம் வாசித்தாலும் ஒரே சுரத்தில் நிற்பது போலக் கேட்டது. போர்ட்டில் துணி அடைத்தேன், பஞ்சு திணித்தேன், பெட்டியை மூலைக்கு மூலை தூக்கி வைத்தேன். ஆறு மாதம் கழித்து முறையாக அளந்தபோதுதான் குற்றவாளிகள் மூன்று பேர் என்று தெரிந்தது. சீட்டிலிருந்த எண்கள் தவறு. அதை நம்பிக் கட்டிய பெட்டியும் தவறு. இது போதாதென்று, என் அறையும் தன் பங்குக்கு ஒரு சுரத்தை ஊதிப் பெருக்கிக்கொண்டிருந்தது.

மூன்றையும் ஒரே நேரத்தில் காதால் பிரித்துப் பார்க்க முடியாது. அதனால் இந்த வழிகாட்டியின் வரிசை இதுதான்: முதலில் வூஃபரைத் தனியாக அளப்போம், அந்த எண்களை வைத்துக் கணிப்போம், பெட்டியைக் கட்டி அதை மட்டும் அளப்போம், அறையைக் கடைசியில் தொடுவோம். இந்த வரிசையை மாற்றினால் என் ஆறு மாதம் உங்களுக்கும் வரும்.

என்னென்ன வேண்டும்

மென்பொருளுக்குச் செலவே இல்லை. பெட்டியைக் கணிக்க வின்-ஐஎஸ்டி அல்லது விட்டுயிக்ஸ்கேட், அளக்க ஆர்ஈடபிள்யூ என்று சுருக்கமாக அழைக்கப்படும் ரூம் ஈக்யூ விசார்ட். மூன்றும் இலவசம். ஹார்ன், டிரான்ஸ்மிஷன் லைன் மாதிரி சிக்கலான பெட்டி என்றால் ஹார்ன்ரெஸ்ப் இருக்கிறது. அதன் முகப்பு பழைய காலத்துத் தோற்றம், ஆனால் கணக்கு கெட்டி.

கருவிகளில் முக்கியமானது ஸ்டீரியோ லைன்-இன் உள்ள யூஎஸ்பி சவுண்ட் கார்டு. லேப்டாப்பில் இருக்கும் மைக் துளை பெரும்பாலும் ஒரே சானல், அதனால் உதவாது. அதோடு 100 ஓம் ரெசிஸ்டர் ஒன்று, முதலைக் கிளிப்கள், ஒரு மல்டிமீட்டர், கிராமில் காட்டும் சிறிய தராசு. சென்னையில் இருப்பவர்களுக்கு ரிச்சி தெருவில் ஒரு மணி நேர வேலை.

மைக்குக்கு யூமிக்-1 போன்ற, அளவுத் திருத்தக் கோப்போடு வரும் யூஎஸ்பி மைக் இருந்தால் நிம்மதி. இல்லாவிட்டாலும் பரவாயில்லை. எல்லாத் திசையிலும் கேட்கும் சிறிய எலக்ட்ரெட் மைக் கேப்ஸ்யூல்கள் தாழ்ந்த அதிர்வெண்ணில் ஓரளவு நேராகவே நடந்துகொள்ளும். செல்போன் மைக்கை மட்டும் நம்பாதீர்கள். குரலுக்காகச் செய்யப்பட்டது அது. கீழ் பேஸைத் தானாகவே வெட்டும், சத்தத்தைத் தானாகவே கூட்டிக் குறைக்கும்.

வூஃபரின் உண்மையான எண்கள்

ஒரு வூஃபர் பெட்டிக்குள் எப்படி நடந்துகொள்ளும் என்பதைச் சில எண்களில் அடக்கிவிடலாம் என்று காட்டியவர்கள் ஆஸ்திரேலியாவில் ஆய்வு செய்த நெவில் தீலும் ரிச்சர்ட் ஸ்மாலும். தீலின் கட்டுரை 1961இல் வந்தது. பத்து ஆண்டுகள் கழித்து, 1971இல் அமெரிக்காவின் ஆடியோ எஞ்சினியரிங் சொசைட்டி இதழ் மறுபடியும் வெளியிட்ட பிறகுதான் உலகம் அதைக் கவனித்தது. அதன்பின் ஸ்மாலின் கட்டுரைகள் தொடர்ந்தன. இன்று எல்லாரும் 'டி-எஸ் பாராமீட்டர்' என்று சொல்வது இவர்கள் பெயரின் சுருக்கம்தான்.

நமக்கு முக்கியமானவை மூன்று. எஃப்எஸ் என்பது பெட்டி இல்லாமல் கோன் (வூஃபரின் ஆடும் கூம்பு) தானாக ஆட விரும்பும் அதிர்வெண். கியூடிஎஸ் என்பது அந்த ஆட்டத்துக்கு எவ்வளவு கடிவாளம் இருக்கிறது என்பதைச் சொல்லும். எண் சிறிதானால் கடிவாளம் இறுக்கம். வாஸ் என்பது கோனைத் தாங்கிப் பிடிக்கும் சஸ்பென்ஷன் எவ்வளவு மிருதுவானதோ அதே மிருதுத்தன்மை கொண்ட காற்றின் கொள்ளளவு, லிட்டரில்.

புது வூஃபரை உடனே அளக்காதீர்கள். 20, 25 ஹெர்ட்ஸ் சைன் அலையை, கோன் கண்ணுக்குத் தெரிய ஆடும் அளவுக்குச் சில மணி நேரம் கொடுத்து வையுங்கள். சஸ்பென்ஷன் தளர்ந்து எஃப்எஸ் இறங்கும். பிறகு ஆற விடுங்கள்.

இனி அளவு. ஹெட்ஃபோன் வெளியீட்டிலிருந்து 100 ஓம் ரெசிஸ்டர் வழியாக வூஃபருக்குச் சிக்னல் போகிறது. ரெசிஸ்டரின் ஒரு முனையை ஒரு லைன்-இன் சானலும், மறுமுனையை இன்னொரு சானலும் கேட்கின்றன. எந்தச் சானல் எந்தப் பக்கம் என்பதை ஆர்ஈடபிள்யூவின் உதவிப் பக்கத்துப் படத்தைப் பார்த்தே கட்டுங்கள். மாற்றிக் கட்டினால் கிராஃப் கிறுக்குத்தனமாக வரும். அளக்கும் முன் திறந்த நிலை, ஷார்ட், தெரிந்த மதிப்புள்ள ரெசிஸ்டர் என்று மூன்று அளவுத் திருத்தங்களை அதே மென்பொருள் கேட்கும். சோம்பல் படாமல் மூன்றையும் செய்யுங்கள். ஒரு எச்சரிக்கை: இதற்குப் பவர் ஆம்ப் தேவையில்லை. சில ஆம்ப்களின் ஸ்பீக்கர் முனைகளில் எதுவுமே கிரவுண்ட் கிடையாது. அதை லைன்-இன்னோடு இணைத்தால் சவுண்ட் கார்டோ ஆம்ப்போ புகையும்.

வூஃபரைச் செங்குத்தாக, ஆடாமல் பிடித்து நிறுத்துங்கள். நான் மர ஸ்டூலில் சி-கிளாம்ப் போட்டுக் கட்டுவேன். பின்பக்கத்தில் காற்றுப் போக்கு அடைபடக் கூடாது.

ஒவ்வொரு அதிர்வெண்ணிலும் வூஃபரின் மின்தடை, அதாவது இம்பீடன்ஸ், எவ்வளவு என்று காட்டும் கிராஃபில் ஒரு மலை தெரியும். அதன் உச்சி நிற்கும் இடம் எஃப்எஸ். என் வூஃபரில் அது 38 ஹெர்ட்ஸ். சீட்டில் போட்டிருந்தது 45. மல்டிமீட்டரில் வாய்ஸ் காயிலின் (கோனை ஆட்டும் கம்பிச் சுருள்) டிசி ரெசிஸ்டன்ஸ் 5.6 ஓம். மலை உச்சியில் 56 ஓம். அதாவது பத்து மடங்கு. பத்தின் வர்க்கமூலம் 3.16, அதை 5.6ஆல் பெருக்கினால் 17.7 ஓம். மலையின் இரு சரிவுகளிலும் 17.7 ஓம் வரும் இடங்களைப் பார்த்தேன்: 25.9, 55.9 ஹெர்ட்ஸ். இந்த இரண்டையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் 38 வர வேண்டும். வந்தது. வராவிட்டால் அளவில் எங்கோ பிசகு.

மெக்கானிக்கல் கியூ = 38 × 3.16 ÷ (55.9 − 25.9) = 4.0
எலக்ட்ரிகல் கியூ = 4.0 ÷ (10 − 1) = 0.445
கியூடிஎஸ் = (4.0 × 0.445) ÷ (4.0 + 0.445) = 0.40

வாஸுக்கு இன்னொரு அளவு வேண்டும். கோனில் கொஞ்சம் எடையை ஒட்டி, மலை எவ்வளவு கீழே நகர்கிறது என்று பார்க்க வேண்டும். இங்கேதான் பத்து ரூபாய் நாணயம் கைகொடுக்கிறது. ஒன்று 7.71 கிராம். ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் எவர்சில்வர் நாணயங்களைக் கொண்டுபோகாதீர்கள். வூஃபரின் காந்தம் அவற்றை இழுக்கும், அளவு கெடும். இரண்டு பத்து ரூபாய் நாணயங்களை கோன் நடுவிலுள்ள மூடியான டஸ்ட் கேப்பின் இருபுறமும் எதிரெதிராக, போஸ்டர் ஒட்டும் மெழுகுப் பசையால் ஒட்டினேன். தராசில் பசையோடு சேர்த்துச் சரியாக 20 கிராம் வருமாறு பசையைக் கிள்ளிக் கிள்ளிச் சரிசெய்தேன். நாணயம் கோனில் தடதடக்காமல் அழுந்தியிருக்க வேண்டும்.

மலை 38லிருந்து 29.1 ஹெர்ட்ஸுக்கு இறங்கியது.

ஆடும் எடை = 20 ÷ ((38 ÷ 29.1)² − 1) = 28.4 கிராம்

இந்த எடையும் எஃப்எஸ்ஸும் தெரிந்தால் சஸ்பென்ஷனின் மிருதுத்தன்மை கிடைத்துவிடும். அதிலிருந்து, கோனின் பரப்பைச் சேர்த்து, வாஸ். பரப்புக்கு விட்டம் அளக்கும்போது ரப்பர் விளிம்பின் ஒரு பக்க நடுவிலிருந்து மறுபக்க நடுவரை அளவெடுங்கள். எனக்கு 16.5 சென்டிமீட்டர், பரப்பு 214 சதுர சென்டிமீட்டர். இரண்டு அளவுகளையும் பரப்பையும் எடையையும் கொடுத்தால் ஆர்ஈடபிள்யூவே மீதியைக் கணக்கிட்டுத் தரும். எனக்கு வாஸ் 40 லிட்டர் வந்தது. சீட்டில் 22. ஏறக்குறைய பாதி! ஒரே மாடலில் ஒன்றுக்கொன்று கொஞ்சம் வித்தியாசம் இருப்பது இயல்பு. இவ்வளவு இருந்தால் அந்தச் சீட்டு வேறு எதற்கோ அச்சடித்தது என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

சிமுலேஷன்

வின்-ஐஎஸ்டியில் புது டிரைவர் (அதாவது வூஃபர்) திறந்து எண்களைப் போடும்போது எல்லாக் கட்டங்களையும் நிரப்பாதீர்கள். எஃப்எஸ், இரண்டு கியூக்கள், வாஸ், பரப்பு, டிசி ரெசிஸ்டன்ஸ், கோன் ஒரு பக்கம் எவ்வளவு தூரம் ஒழுங்காக நகரும் என்ற எக்ஸ்மேக்ஸ் ஆகியவை போதும். மீதியை அதுவே கணக்கிடட்டும்.

முதலில் மூடிய பெட்டி. இதைக் காகிதத்திலேயே போடலாம். 20 லிட்டர் பெட்டி என்றால் வாஸை 20ஆல் வகுத்தால் 2. ஒன்றைக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 1.732. எஃப்எஸ்ஸையும் கியூடிஎஸ்ஸையும் இதால் பெருக்குங்கள்: பெட்டிக்குள் 66 ஹெர்ட்ஸ், கியூ 0.69. கியூ 0.7 அருகில் இருந்தால் மேடுபள்ளம் இல்லாமல் போய், 66 ஹெர்ட்ஸ் வாக்கில் 3 டெசிபல் இறங்கி, அதற்குக் கீழே ஒவ்வொரு ஆக்டேவுக்கும் (அதிர்வெண் பாதியாகும் ஒவ்வொரு முறையும்) 12 டெசிபல் வீதம் சரியும். சுத்தமான பேஸ்தான். ஆனால் நான்கு தந்தி பேஸ் கிட்டாரின் கடைசிச் சுரம் 41 ஹெர்ட்ஸ். அது பாதிக்கு மேல் போய்விடும்.

அடுத்து போர்ட் வைத்த பெட்டி. எஃப்எஸ்ஸை எலக்ட்ரிகல் கியூவால் வகுத்தால் 85 வருகிறது. 50க்குக் கீழே என்றால் மூடிய பெட்டி, 100க்கு மேல் என்றால் போர்ட் என்பது பழக்கத்தில் இருக்கும் கைவிதி. 85 என்றால் போர்ட்டுக்கும் ஒத்துவரும். கொள்ளளவையும் டியூனிங்கையும் மாற்றி மாற்றி ஓட்டிப் பார்த்து 36 லிட்டர், 38 ஹெர்ட்ஸ் என்று நின்றேன். 50 ஹெர்ட்ஸ் வரை கோடு நேராக வந்து, 37இல் 3 டெசிபல் இறங்கி, பிறகு ஆக்டேவுக்கு 24 டெசிபல் வீதம் சரிகிறது.

ஆர்வத்தில் என் பழைய பெட்டியையும் புது எண்களோடு ஓட்டினேன். 20 லிட்டர், 48 ஹெர்ட்ஸ். 80 ஹெர்ட்ஸ் சுற்றுவட்டாரத்தில் ஏறக்குறைய 2 டெசிபல் மேடு, 50க்குக் கீழே செங்குத்தான சரிவு. 'தொம்' சத்தத்தில் ஒரு பங்கு அங்கேயே தெரிந்துவிட்டது.

பலர் இந்த ஒரே கிராஃபைப் பார்த்துவிட்டு மரம் வாங்கப் போய்விடுகிறார்கள். இன்னும் இரண்டு கிராஃப் பாக்கி இருக்கிறது.

ஒன்று, கோன் நகரும் தூரம். நீங்கள் கொடுக்கப்போகும் வாட்ஸைப் போட்டுப் பாருங்கள். 38 ஹெர்ட்ஸில் கோன் கிட்டத்தட்ட அசையாது. வேலை முழுவதையும் போர்ட் செய்கிறது. அதற்குக் கீழே போனால் போர்ட் வெறும் ஓட்டை. கோனைத் தாங்கப் பெட்டிக்குள் காற்றழுத்தம் இல்லை. 25 ஹெர்ட்ஸில் அது வெளியே துள்ளும். சத்தமோ வராது, காயில் மட்டும் அடிபடும். ஆம்ப்பிலோ டிஎஸ்பியிலோ (டிஜிட்டல் ஒலிச் செயலி) 30 ஹெர்ட்ஸ் வாக்கில், அதற்குக் கீழுள்ளதை வெட்டும் ஒரு ஹை-பாஸ் ஃபில்டர் போட்டு, கிராஃபைத் திரும்பப் பாருங்கள்.

இரண்டு, போர்ட்டில் காற்றின் வேகம். நொடிக்கு 17 மீட்டரைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வது வழக்கம். தாண்டினால் 'புஸ் புஸ்' என்று காற்றுச் சத்தம் கேட்கும். எங்கள் ஊர்க் கடையில் கிடைத்த 75 மில்லிமீட்டர் பிவிசி குழாயின் உள்விட்டம் 70. 38 ஹெர்ட்ஸில் 1 மீட்டர் தூரத்தில் 95 டெசிபல் கேட்க வேண்டுமானால் வேகம் உச்சத்தில் 9 மீட்டர் ஆகிறது, 100 டெசிபல் என்றால் 16. வீட்டுக்கு இது போதும். கல்யாண வீட்டுக்குப் போதாது.

குழாயின் நீளம், சென்டிமீட்டரிலும் லிட்டரிலும்:

நீளம் = (23562 × உள்விட்டம்²) ÷ (டியூனிங்² × லிட்டர்) − (0.732 × உள்விட்டம்)

7 சென்டிமீட்டர், 38 ஹெர்ட்ஸ், 36 லிட்டருக்கு 17.1 சென்டிமீட்டர் வருகிறது. கடைசியில் கழிக்கும் துண்டு, குழாய் வாய்க்கு வெளியே ஒட்டிக்கொண்டு ஆடும் காற்றுக்காக. இந்த இடத்தில்தான் கணக்கும் நிஜமும் அடிக்கடி பிரியும். அதைப் பிறகு பார்ப்போம்.

அறுக்கும் முன்

36 லிட்டர் என்பது உள்ளே மிஞ்ச வேண்டிய காற்று. வூஃபரின் உடல், குழாய், உள்ளே குறுக்கே வைக்கும் பட்டைகள் எல்லாம் இடம் பிடிக்கும். அவற்றுக்கு 3 லிட்டர் சேர்த்து 39. உள் அளவு 26 × 30 × 50 சென்டிமீட்டர் வைத்தேன். மூன்று பக்கமும் சமமாக இருந்தால் உள்ளே எதிரெதிர்ச் சுவர்களிடையே மோதித் திரும்பி நிற்கும் அலைகள் ஒரே அதிர்வெண்ணில் குவியும். 50 சென்டிமீட்டர் உயரத்தில் எப்படியும் 343 ஹெர்ட்ஸில் ஒன்று நிற்கும்; பிறகு போர்ட் வாயில் மைக்கை ஒட்டி வைத்து அளக்கும்போது அதைக் கையும் களவுமாகப் பிடிக்கலாம்.

குழாயை ஒட்டிவிடாதீர்கள். பெட்டியின் முகத்தில் இறுக்கமான துளை போட்டு, வெளியிலிருந்து உருவி எடுக்கும்படி வையுங்கள். கணக்கு 17.1 சொன்னாலும் 20 சென்டிமீட்டருக்கு அறுங்கள். நீளமானதைக் குறைக்கலாம், குட்டையானதை வளர்க்க முடியாது.

போர்ட் பெட்டியில் சுவர்களுக்கு ஃபோம் ஒட்டினால் போதும், நடுவில் எதையும் திணிக்க வேண்டாம். மூடிய பெட்டி என்றால் பஞ்சு நிரப்பலாம். வூஃபருக்குப் பெட்டி கொஞ்சம் பெரிதானதுபோலத் தோன்றும். நடைமுறையில் 10 முதல் 20 சதவீதம் கிடைத்தால் பெரிது. இலவம்பஞ்சும் வேலை செய்யும், ஆனால் மெல்லிய துணிப்பையில் தைத்துப் போடுங்கள். அதன் தூசு காயில் இடுக்கில் போய் உட்கார்ந்தால் வூஃபர் கரகரக்கும்.

பெட்டியை இம்பீடன்ஸால் விசாரிப்பது

மைக்கை எடுக்கும் முன் பழைய 100 ஓம் ரெசிஸ்டர் கட்டமைப்பையே மறுபடியும் எடுங்கள். என் அனுபவத்தில் பேஸ் வேலையில் இதைவிட மலிவான, பொய் சொல்லாத சாட்சி வேறில்லை. அறை எப்படி இருந்தாலும், பக்கத்து வீட்டில் மிக்ஸி ஓடினாலும் இதற்குக் கவலையில்லை.

மூடிய பெட்டி என்றால் ஒற்றை மலை, சிமுலேஷன் சொன்ன இடத்தில். போர்ட் பெட்டி என்றால் இரண்டு மலை, நடுவில் ஒரு பள்ளம். பள்ளத்தின் அடிதான் டியூனிங். என் பெட்டிக்குச் சிமுலேஷன் 23 ஹெர்ட்ஸிலும் 63 ஹெர்ட்ஸிலும் மலைகளையும், 38இல் பள்ளத்தையும் காட்டியது.

20 சென்டிமீட்டர் குழாயோடு அளந்தபோது பள்ளம் 35.0இல் நின்றது. சூத்திரப்படி 20க்கு 35.7 வந்திருக்க வேண்டும். காரணம் பிறகு புரிந்தது: குழாயைப் பெட்டியின் தரைக்கும் பக்கச் சுவருக்கும் நெருக்கமாக வைத்திருந்தேன். சுவர் அருகில் இருந்தால் குழாய் வாயில் ஒட்டும் காற்று அதிகமாகி, குழாய் தன் நீளத்தைவிட நீளமாக நடந்துகொள்ளும்.

எவ்வளவு குறைக்க வேண்டும் என்று கணக்குப் போடுவது எளிது. சூத்திரத்தின் முதல் பாதியை 35.0க்குப் போட்டால் 26.2, 38க்குப் போட்டால் 22.2. வித்தியாசம் 4 சென்டிமீட்டர். முதலில் 3 அறுத்து அளந்தேன், பிறகு இன்னொன்று. 16 சென்டிமீட்டரில் பள்ளம் 38இல் வந்து உட்கார்ந்தது. கணக்கு சொன்ன 17.1இல் ஒட்டியிருந்தால் தவறிப்போயிருக்கும். பெரிய தவறில்லைதான், ஒரு ஹெர்ட்ஸ். ஆனால் சரியாக இருப்பதைச் சரி என்று தெரிந்து வைத்திருப்பதில் ஒரு நிம்மதி இருக்கிறது.

பள்ளத்தின் அடி டிசி ரெசிஸ்டன்ஸுக்குக் கொஞ்சம் மேலே இருக்க வேண்டும். அது உயர்ந்தும் மலைகள் குட்டையாகவும் தெரிந்தால் எங்கோ காற்று கசிகிறது அல்லது உள்ளே பஞ்சு அதிகம். கசிவைப் பிடிக்க ஊதுபத்தி போதும். 40 ஹெர்ட்ஸ் சைன் அலையை மிதமாக ஓட விட்டு, மின்விசிறியை அணைத்து, ஊதுபத்தியை இணைப்புகள் ஓரமாக மெதுவாக நகர்த்துங்கள். புகை நேராக எழும்பும். கசியும் இடத்தில் மட்டும் நடுங்கும். எனக்குக் கசிந்தது மூட்டுகளில் இல்லை, பின்னால் ஒயர் மாட்டும் டெர்மினல் தட்டில். சிலிகான் வைத்ததும் மலைகள் நிமிர்ந்தன.

கிராஃபில் மலைச் சரிவுகளில் சின்னச் சின்னச் சுருக்கம் தெரிந்தால் பெட்டிச் சுவரோ, சரியாக முடுக்காத ஸ்குருவோ அதிர்கிறது. கையால் ஒவ்வொரு பக்கமாக அழுத்திக்கொண்டே மறுபடி அளந்தால் எந்தச் சுவர் என்று தெரியும்.

மைக்கை ஒட்டி வைத்து அளப்பது

இப்போது சத்தம். 1 மீட்டர் தள்ளி மைக் வைத்து அளக்கலாமே என்று தோன்றும். 10 அடி உயர அறையில், ஸ்பீக்கரும் மைக்கும் நட்டநடுவில் 1.5 மீட்டர் உயரத்தில் இருந்தால், தரையில் பட்டுத் திரும்பும் ஒலி 6.3 மில்லிநொடி தாமதமாக வரும். அதை வெட்டி எறிந்துவிட்டு மிச்சத்தைப் பார்த்தால் 160 ஹெர்ட்ஸுக்குக் கீழே எதுவுமே தெரியாது. நமக்கு வேண்டியதெல்லாம் அங்கேதான் இருக்கிறது.

இதற்கு வழி சொன்னவர் டான் கீல், 1974இல். மைக்கைக் கோனுக்கு மிக அருகில் வைத்தால் நேரடி ஒலி அவ்வளவு பலமாக இருக்கும், அறையின் எதிரொலி அதன்முன் ஒன்றுமில்லை. எவ்வளவு அருகில்? கோன் ஆரத்தில் 0.11 பங்குக்குள். என் கோனின் ஆரம் 8.25 சென்டிமீட்டர், ஆக 9 மில்லிமீட்டருக்குள். நான் சுண்டுவிரலை இடையில் வைத்துப் பார்த்துவிட்டு, அதைவிடக் கொஞ்சம் நெருக்குவேன். சத்தத்தைக் குறைவாகவே வையுங்கள். கோன் வந்து மைக்கை முட்டினால் இரண்டுக்கும் ஆகாது. இந்த அளவு 660 ஹெர்ட்ஸ் வரை செல்லுபடியாகும். அதற்கு மேல் எண்களை நம்ப வேண்டாம்.

முதலில் டஸ்ட் கேப்பின் நடுவுக்கு முன்னால் ஒரு ஸ்வீப், அதாவது தாழ்ந்த அதிர்வெண்ணிலிருந்து மேலே ஏறும் சோதனை ஒலி. பிறகு ஆம்ப் வால்யூமையோ மைக் அளவையோ ஒரு துளியும் தொடாமல், போர்ட் வாயின் நடுவில், வாயின் விளிம்போடு சமமாக மைக்கை வைத்து இன்னொன்று. கோனின் கிராஃபில் டியூனிங் இடத்தில் ஆழமான குழி விழும். அது இம்பீடன்ஸ் பள்ளத்தோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். எனக்கு இரண்டும் 38. போர்ட் கிராஃபில் அதே இடத்தில் மேடு. அதோடு 343 ஹெர்ட்ஸ் அருகே ஒரு முள்ளும் நீட்டிக்கொண்டிருந்தது. பெட்டி உயரத்தின் நிற்கும் அலைதான். பின்சுவரின் மேல்பாதியில் ஃபோமை இரட்டிப்பாக்கியதும் அடங்கியது.

இரண்டையும் அப்படியே கூட்டக் கூடாது. போர்ட் வாய் சிறியது, ஆனால் மைக் அதன் வாயிலேயே இருப்பதால் உண்மைக்கு மேல் பெரிதாகக் கேட்கும். விட்டங்களின் விகிதத்தில் போர்ட்டைக் குறைக்க வேண்டும்: 7 ÷ 16.5, டெசிபலில் 7.4 குறைவு. குறைத்தபின் ஆர்ஈடபிள்யூவில் டிரேஸ் அரித்மெட்டிக்கில் இரண்டையும் கூட்டுங்கள். கூட்டும்போது ஃபேஸும் (அலைகள் ஒன்றுக்கொன்று எவ்வளவு முன்பின்னாக ஆடுகின்றன என்பது) கணக்கில் வரும், அதனால் இரண்டு அளவுக்கும் ஒரே நேரக் குறியீடு இருக்க வேண்டும். சவுண்ட் கார்டின் ஒரு சானலை லூப்பாகத் திருப்பிக் கொடுத்தால் அது சரியாகிவிடும். யூஎஸ்பி மைக் என்றால் இன்னொரு ஸ்பீக்கரை நேரக்குறிக்குப் பயன்படுத்தும் அக்கூஸ்டிக் ரெஃபரன்ஸ் வசதி இருக்கிறது. டியூனிங்குக்குக் கீழே கோனும் போர்ட்டும் எதிரெதிராக வேலை செய்வதால் கூட்டல் கோடு செங்குத்தாக விழ வேண்டும். விழாமல் 20 ஹெர்ட்ஸ் வரை தாராளமாகப் போகிறதென்றால் சந்தோஷப்படாதீர்கள், ஃபேஸ் தவறு.

இந்தக் கூட்டல் கோட்டையும் சிமுலேஷன் கோட்டையும் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்துப் பார்த்த அந்த இரவு எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. 30 முதல் 200 ஹெர்ட்ஸ் வரை ஒரு டெசிபலுக்கு மேல் எங்கும் விலகவில்லை. வூஃபரை ஒழுங்காக அளந்ததற்கான கூலி அது.

ஒன்று கவனிக்க வேண்டும். நெருங்கிய அளவிலும் சிமுலேஷனிலும் பெட்டி ஒரு முடிவில்லாச் சுவரில் பதித்தது போலத்தான் தெரியும். நிஜத்தில் என் பெட்டியின் அகலம் 29.6 சென்டிமீட்டர். 115ஐ மீட்டரில் உள்ள அகலத்தால் வகுத்தால் 390 ஹெர்ட்ஸ் வாக்கு; அந்த வட்டாரத்தில் 3 டெசிபல் இறங்கி, கீழே போகப் போக ஒலி பெட்டியைச் சுற்றிப் பின்னாலும் போய் மொத்தம் 6 டெசிபல் குறையும். விட்டுயிக்ஸ்கேட்டின் டிஃப்ராக்ஷன் கருவி இந்த இறக்கத்தைக் கணித்துத் தரும், மெர்ஜர் கருவி அதை நெருங்கிய அளவோடு சேர்த்து ஒட்டும்.

மொட்டை மாடிச் சோதனை

முடிந்தால் ஒருமுறை திறந்தவெளியில் அளந்து பாருங்கள். பெட்டியைத் தரையில் சாய்த்துப் போட்டு, வூஃபர் தரையை ஒட்டி இருக்கும்படி, 2 மீட்டர் தள்ளி மைக்கைத் தரையிலேயே படுக்க வையுங்கள். தரை கண்ணாடிபோலச் செயல்பட்டு 6 டெசிபல் கூட்டும். 2 மீட்டர் தூரம் அந்த ஆறைக் கழித்துவிடும். ஆக வருவது 1 மீட்டர் அளவுக்குச் சமம். நான் மொட்டை மாடியில் முயன்றேன், கைப்பிடிச் சுவர்கள் குறுக்கிட்டுக் கோட்டைக் கலைத்தன. பள்ளிக்கூட மைதானம் மாதிரி வெட்டவெளி தேவை. ராத்திரி 11 மணிக்கு 20 ஹெர்ட்ஸிலிருந்து ஸ்வீப் ஓடினால் தெரு நாய்கள் என்ன சொல்லும் என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக அறை

புதுப் பெட்டியைக் கொண்டுபோய் அறையில் வைத்தேன். 80 ஹெர்ட்ஸ் மேடு போய்விட்டது. ஆனால் ஒரு சுரம் மட்டும் இன்னும் 'தொம்'. இந்த முறை பெட்டியின் மேல் சந்தேகமே வரவில்லை.

அறையின் நீளத்தை மீட்டரில் எடுத்து, 343ஐ (நொடிக்கு மீட்டரில் ஒலியின் வேகம்) அதன் இரட்டிப்பால் வகுங்கள். என் அறை 12 அடிக்கு 10 அடி. 12 அடி 3.66 மீட்டர், 47 ஹெர்ட்ஸ். 10 அடி 3.05 மீட்டர், 56 ஹெர்ட்ஸ். கூரையும் 10 அடி என்பதால் அதே 56 இரண்டு முறை. உட்காரும் இடத்தில் காது உயரத்தில் மைக் வைத்து கோட்டை மழுப்பும் ஸ்மூத்திங் இல்லாமல் ஓட்டிய ஸ்வீப்பில் 47இல் ஒரு கோபுரம். ஒலி அடங்கும் விதத்தை நேரவாரியாகக் காட்டும் வாட்டர்ஃபால் படத்தில் மற்றவை அடங்கிய பிறகும் அது மட்டும் வால் நீட்டிக்கொண்டிருந்தது.

ஈக்வலைசரில் கோபுரத்தைக் குறுகிய அகலத்தில் வெட்டலாம், பலன் தெரியும். பள்ளங்களை நிரப்ப முயலாதீர்கள். அங்கே ஒலிகள் ஒன்றையொன்று அழிக்கின்றன. எவ்வளவு கொடுத்தாலும் அழியும், ஆம்ப்பும் வூஃபரும்தான் மூச்சுத் திணறும்.

வெட்டுவதற்கு முன் நாற்காலியை நகர்த்திப் பாருங்கள். இந்த நிற்கும் அலைகளுக்குச் சுவர் ஓரத்தில்தான் அழுத்தம் உச்சம். என் நாற்காலி ஆறு மாதமும் பின்சுவரில் சாய்ந்தே இருந்தது. 3 அடி முன்னால் இழுத்ததில் 47 ஹெர்ட்ஸ் 3 டெசிபல் இறங்கியது. மீதிக்கு ஈக்வலைசரில் ஒரே ஒரு ஃபில்டர். இப்போது நடமாடும் வழியில் நாற்காலி நிற்கிறது என்று வீட்டில் தினமும் திட்டு விழுகிறது.